புதுச் செயின் போட்ட பிறகும் கியர் ஏன் அடம் பிடிக்கிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். தேய்ந்த செயின், பல்சக்கரம், கேபிள் எல்லாம் மாற்றியாயிற்று, ஆனால் கியர் ஒழுங்காக விழ மாட்டேன் என்கிறது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: செயின் தேய்ந்துவிட்டது என்று புதுசு வாங்கி நானே மாட்டினேன். அன்றிலிருந்து மேட்டில் அழுத்தி மிதித்தால் ‘டடக்’ என்று பல் தாவுகிறது, ஒரு தடவை கால் நழுவி விழப் பார்த்தேன். பழைய செயினில் இந்தத் தொல்லையே இல்லை. கேபிளை இறுக்கியும் பார்த்துவிட்டேன், தளர்த்தியும் பார்த்துவிட்டேன். வாங்கிய செயின் மட்டமானதா? (தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகும் வாசகர்)

பதில்: செயின் மேல் பழி போடாதீர்கள், கேபிளையும் இனித் தொட வேண்டாம். தேய்ந்திருப்பது பின் சக்கரத்தில் இருக்கிற பல்சக்கரத் தொகுதி, அதாவது கேசட்.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே தவிர, அதில் தகடு எதுவும் இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோர்த்திருக்கிற ஆணியும் அது உட்கார்ந்து சுழலும் இடமும் உராய்ந்து தேய்கின்றன. ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே சரியாக 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம் இருக்க வேண்டும். தேயத் தேய அது மயிரிழை மயிரிழையாகக் கூடுகிறது. அப்படிக் கூடிய செயின் தன் அளவுக்கு ஏற்றபடி பற்களையும் அரித்து வைத்துவிடும். இரண்டும் சேர்ந்தே தேய்ந்ததால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது சரியான அளவுள்ள புதுச் செயினை அந்தப் பற்களின் மேல் போட்டால் அது பள்ளத்தில் முழுசாக இறங்கி உட்கார முடியாமல், நீங்கள் அழுத்தும்போது பல்லின் மேலேறித் தாவுகிறது.

இதை உறுதிசெய்வது சுலபம். எந்தப் பல்சக்கரத்தில் தாவுகிறது என்று கவனியுங்கள். நீங்கள் அதிகம் ஓட்டுகிற இரண்டு மூன்றில் மட்டும், அதுவும் அழுத்தி மிதிக்கும்போது மட்டும் தாவி, மற்றவற்றில் ஒழுங்காக ஓடினால் தேய்மானம்தான், சந்தேகமே வேண்டாம். எல்லாக் கியரிலும், செயின் ஒரு சுற்று சுற்றி வரும்போதெல்லாம் ஒரு தடவை துள்ளினால் விஷயம் வேறு: செயினை இணைத்த இடத்தில் ஒரு கண்ணி மடங்காமல் இறுகியிருக்கும். பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றிக்கொண்டே பின் டெரெய்லரின் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிற அமைப்பு) கீழ்ச் சக்கரத்தைப் பாருங்கள், அந்தக் கண்ணி அங்கே வரும்போது நேராகாமல் முட்டி மடக்கியபடியே போகும். இரண்டு பக்கமும் செயினைப் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக வளைத்துக் கொடுத்தால் இளகிவிடும்.

பற்களைக் கண்ணால் பார்த்தும் சொல்லலாம், ஆனால் கொஞ்சம் நிதானம் வேண்டும். தேய்ந்த பல் ஒரு பக்கம் சாய்ந்து கூராகியிருக்கும், இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள பள்ளம் அரைவட்டமாக இல்லாமல் அகன்று போயிருக்கும். இந்தக் காலக் கேசட்டில் கியர் எளிதாக மாறுவதற்காகவே சில பற்களைக் குட்டையாகவும் லேசாக முறுக்கியும் செய்கிறார்கள், அதைப் பார்த்துத் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பக்கத்துப் பற்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எல்லாப் பல்லும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால்தான் தேய்மானம்.

உங்களுக்கு இரண்டே வழி. கேசட்டையும் மாற்றிவிடுங்கள், அதுதான் என் யோசனை. இப்போதைக்கு முடியாது என்றால் புதுச் செயினைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, பழையதையே மாட்டி இரண்டும் தீர்கிறவரை ஓட்டுங்கள். புதுச் செயினைத் தேய்ந்த கேசட்டில் ஓட்டி ‘பழக்க’ நினைக்காதீர்கள். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் தாவினால் முகம் தரையில் போய் மோதும்.

அடுத்த முறை இந்த நிலைக்கு வராமல் இருக்க ஓர் அங்குல ஸ்கேல் போதும். செயினைச் சைக்கிளிலேயே இறுக்கமாக வைத்து, ஸ்கேலின் பூஜ்யத்தை ஓர் ஆணியின் நடுவில் வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னோர் ஆணியின் நடு சரியாக விழும். அந்த ஆணி கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் 16ல் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் ஏறக்குறைய 0.5 சதவீதத் தேய்மானம். 11, 12 கியர்ச் செயின் (பின்னால் அத்தனை பல்சக்கரம் உள்ள சைக்கிளுக்கு உரியது) என்றால் அப்போதே மாற்றிவிடுங்கள், 8 முதல் 10 வரை உள்ளவற்றுக்கு 0.75 சதவீதம் வரை விடலாம். எட்டில் ஒரு பங்கு தள்ளிப்போய்விட்டால் கேசட்டும் கூடவே போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செயின், கேசட், கேபிள், கேபிள் உறை நான்கையும் ஒரே நாளில் மாற்றிவிட்டேன். இப்போது எந்தக் கியரும் சரியாக இல்லை. பேரல் அட்ஜஸ்டரைத் திருகித் திருகிக் கை வலிக்கிறது. எங்கே ஆரம்பிப்பது? (கல்லூரி மாணவர்)

பதில்: பேரல் அட்ஜஸ்டரில், அதாவது கேபிளை இறுக்கித் தளர்த்துகிற கைத்திருகில், ஆரம்பிக்கக் கூடாது, அதுதான் பதில். அது கடைசியாகத் தொட வேண்டிய பொருள். கைக்கு எட்டுகிற இடத்தில், கருவி எதுவும் இல்லாமல் திருகுகிற மாதிரி வைத்திருப்பதால் எல்லோரும் முதலில் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு முந்தைய நான்கு வேலை தப்பாக இருந்தால் அதை எவ்வளவு திருகினாலும் ஒரு கியர் சரியாகும், இன்னொன்று கெடும்.

முதலில் கேபிளை டெரெய்லரிலிருந்து முழுக்கக் கழற்றிவிடுங்கள். தயங்காதீர்கள், புதிதாகச் செய்வதுதான் சீக்கிரம் முடியும்.

கேசட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பல்சக்கரங்கள் தனித்தனியாகக் கடகடவென்று ஆடினால் கேசட்டைப் பிடித்து நிறுத்துகிற பூட்டு வளையம் இறுகவில்லை. அதன் இறுக்கம் ஏறக்குறைய 40 நியூட்டன் மீட்டர், கையை நன்றாக ஊன்றி இறுக்க வேண்டிய அளவு அது. இறுக்கியும் ஆடுகிறது என்றால் உள்ளே ஒரு வளையம் விடுபட்டிருக்கும்; உதாரணமாக 11 கியர் ரோடு சைக்கிளின் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) 8, 9, 10 கியர்க் கேசட்டைப் போட்டால் பின்னால் 1.85 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வளையம் வேண்டும்.

அப்புறம் செயின் போகிற பாதை. பின் டெரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களுக்கு நடுவே, அவற்றைத் தாங்குகிற கூண்டின் உட்பக்கத்தில் சின்னதாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். செயின் அதற்கு உட்புறமாக, சக்கரங்களை ஒட்டிப் போக வேண்டும். புதுச் செயின் கோர்க்கிற அவசரத்தில் அந்த நாக்கின் வெளிப்பக்கமாக விட்டுவிடுவது ரொம்ப சகஜம், சைக்கிளும் ஓடத்தான் செய்யும், ஆனால் கரகரவென்று ஓயாமல் அரைக்கும். பலர் அந்தச் சத்தத்தைக் கியர் செட்டிங் கோளாறு என்று நினைத்து மணிக்கணக்காக ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டுகிறார்கள். குனிந்து பின்னாலிருந்து பாருங்கள், ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இப்போது எல்லை ஸ்க்ரூக்கள், அதாவது டெரெய்லர் எதுவரை நகரலாம் என்று நிறுத்துகிறவை. ‘எச்’ என்று குறியிட்டது சிறிய பல்சக்கரத்தின் பக்கம், ‘எல்’ பெரிய பல்சக்கரத்தின் பக்கம். கேபிள் இல்லாதபோது டெரெய்லர் தானாகவே சிறிய பல்சக்கரத்தின் கீழே வந்து நிற்கும். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பார்த்தபடி, டெரெய்லரின் மேல் சக்கரம் மிகச் சிறிய பல்சக்கரத்தின் வெளி விளிம்புக்கு நேர் கீழே வரும்வரை ‘எச்’ ஸ்க்ரூவைத் திருகுங்கள். அடுத்து பெடலைச் சுற்றிக்கொண்டே டெரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிச் செயினைப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றி, மேல் சக்கரம் அதற்கு நேர் கீழே நிற்கும்படி ‘எல்’ ஸ்க்ரூவை வையுங்கள். இந்த ‘எல்’ விஷயத்தில் கவனமாக இருங்கள். அது தளர்வாக இருந்தால் செயின் பெரிய பல்சக்கரத்தையும் தாண்டிச் சக்கரத்தின் கம்பிகளுக்குள் விழும். கம்பிகள் அறும், டெரெய்லர் சக்கரத்துக்குள் சுருட்டிக்கொண்டு போகும், ஓட்டுகிறவர் நிலை என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செயின் பெரிய பல்சக்கரத்தில் இருக்கும்போதே ‘பி’ ஸ்க்ரூவையும் பார்த்துவிடலாம். மேல் சக்கரத்துக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை அது தீர்மானிக்கிறது. சாதாரண டெரெய்லருக்கு 5, 6 மில்லிமீட்டர் சரியாக இருக்கும், முன்னால் ஒரே பல்சக்கரம் வைத்துப் பின்னால் மிகப் பெரிய கேசட் வைத்த சைக்கிளுக்கு இன்னும் அதிகம் கேட்கும், அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதுக் கேசட் பழையதைவிடப் பெரியதாக இருந்தால் இதைக் கட்டாயம் திருப்பி வைக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் சக்கரம் பல்லில் உரசும், விலகியிருந்தால் கியர் மாறுவதற்கு யோசிக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கேபிள். கியர் மாற்றும் நெம்புகோலான ஷிஃப்டரைச் சிறிய பல்சக்கரத்துக்குரிய நிலைக்குக் கொண்டுபோய், பேரல் அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகி, ஒன்றிரண்டு சுற்று வெளியே எடுத்து வையுங்கள். கேபிளைக் கையால் இழுத்துப் பிடித்துப் போல்ட்டின் கீழே உள்ள பள்ளத்தில் சரியாகப் படுத்திருக்கிறதா என்று பார்த்து முடுக்குங்கள். பெடலைச் சுற்றியபடி ஒரு கிளிக் கொடுத்தால் செயின் இரண்டாவது பல்சக்கரத்துக்கு ஏற வேண்டும். ஏறியதும், கேபிள் இறுகும்படி பேரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே காதைக் கொடுங்கள். ஒரு கட்டத்தில் செயின் மூன்றாவது பல்சக்கரத்தின் பக்கத்தில் உரசி ‘கிர்ர்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் நிற்கிற வரைக்கும் மட்டும் திருப்பி விடுங்கள், போதும். பெரும்பாலான சைக்கிளில் மற்ற கியர்கள் எல்லாம் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

கேள்வி: பேரல் அட்ஜஸ்டரை எந்தப் பக்கம் திருகினால் என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் குழம்பிவிடுகிறது.

பதில்: அது வெளியே வருகிற மாதிரி திருகினால் கேபிள் இறுகும், செயின் பெரிய பல்சக்கரத்தின் பக்கம் நகரும். உள்ளே போகிற மாதிரி என்றால் நேர் எதிர். டெரெய்லரில் இருக்கிற பேரலைப் பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகத் திருகுவது இறுக்குவது. பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் இறுக்குங்கள், சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்கினால் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, கியரை மாற்றிப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. புது டெரெய்லர்கள் சிலவற்றில் பேரலே இருக்காது, ஷிஃப்டரின் பக்கம் தேடுங்கள்.

கேள்வி: பெரிய பல்சக்கரத்துக்கு ஏறுவதெல்லாம் அருமை. இறங்கும்போதுதான் இரண்டு கிளிக் கொடுத்தால் ஒன்று விழுகிறது, அல்லது கொஞ்ச நேரம் கழித்து விழுகிறது. கேபிளைத் தளர்த்தினால் இறங்குகிறது, ஆனால் ஏறுவது கெட்டுப்போகிறது. புதுக் கேபிள்தான் போட்டிருக்கிறேன். (பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, நீங்களே பாதி விடையை எழுதிவிட்டீர்கள். ஏறும்போது உங்கள் கட்டைவிரல் கேபிளை இழுக்கிறது, இறங்கும்போது டெரெய்லரின் ஸ்பிரிங் மட்டும்தான் இழுக்கிறது. வழியில் எங்கேயாவது கேபிள் உரசினால் விரலுக்குத் தெரியாது, ஸ்பிரிங்கால் முடியாது. ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் கெடுகிறது என்றாலே அது செட்டிங் கோளாறு கிடையாது, உராய்வு.

கேபிள் புதுசாக இருக்கலாம், உறையை வெட்டிய விதத்தைப் பாருங்கள். வெட்டுகருவி அழுத்துகிற அழுத்தத்தில் உறைக்குள் இருக்கிற பிளாஸ்டிக் குழாயின் வாய் நசுங்கி மூடிக்கொள்ளும். வெளியே பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும், கேபிளும் தள்ளினால் உள்ளே போய்விடும், ஆனால் போகும் வழியெல்லாம் அந்த நசுங்கிய வாய் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கும். வெட்டிய ஒவ்வொரு முனையிலும் ஒரு கூர்மையான ஊசியை விட்டுச் சுழற்றி வாயை வட்டமாக விரித்துவிட்டு, முனையை அரத்தில் தேய்த்துச் சமமாக்கி, அப்புறம்தான் உறை முனையின் தொப்பியை மாட்ட வேண்டும். பின் டெரெய்லருக்குள் நுழைகிற கடைசி வளைவில் உறை குட்டையாக வெட்டப்பட்டு ஒடிகிற மாதிரி மடங்கியிருந்தாலும் இதே தொல்லைதான். பெடலின் அச்சு சுழல்கிற அடிப்பெட்டியின் கீழே கேபிள் ஓடுகிற பிளாஸ்டிக் தடத்தில் சேறு இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, போட்டது கியர் உறைதானா? கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் நேராக ஓடும், அதனால் அமுங்காது. பிரேக் உறையில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், இழுத்தால் அமுங்கும். பிரேக் உறையைக் கியருக்குப் போட்டால் கியர் துல்லியமாக நிற்காது, அவ்வளவுதான். கியர் உறையைப் பிரேக்குக்குப் போடுவது ஆபத்து, அழுத்திப் பிடிக்கும்போது வெடித்துப் பிரியும். அதை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: சைக்கிள் வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. டெரெய்லர் வளைந்துவிட்டது என்று புதுசு மாற்றியும் கியர் சரியாகவில்லை. நடுக் கியர்கள் பரவாயில்லை, பெரிய பல்சக்கரங்களில் சத்தம்.

பதில்: வளைந்தது டெரெய்லரைத் தாங்குகிற ஹேங்கராக இருக்கும். அலுமினிய ஃப்ரேமில் அதைத் தனியாகக் கழற்றக்கூடிய மெல்லிய துண்டாகத்தான் வைத்திருப்பார்கள், அடிபட்டால் ஃப்ரேம் தப்பட்டும் என்று அது வளைந்து கொடுக்கும். பின்னாலிருந்து பார்த்தால் டெரெய்லரின் மேல், கீழ்ச் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற கோடு பல்சக்கரங்களுக்கு இணையாக இருக்க வேண்டும். கீழ்ச் சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்துவிட்டது. அளப்பதற்கென்றே நீளக் கை வைத்த கருவி கடையில் இருக்கும். ஹேங்கரில் திருகி, சக்கரத்தின் விளிம்பு வரை உள்ள தூரத்தை நான்கு பக்கமும் ஒப்பிடுவார்கள். கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஹேங்கரின் மரை 10 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் புரி, குவிக் ரிலீஸ் (கருவி இல்லாமல் நெம்பித் திறக்கிற பிடி) வைத்த பல பின் சக்கரங்களின் அச்சுக்கும் அதே அளவுதான். அப்படி ஓர் உபரிச் சக்கரம் இருந்தால் அதன் அச்சை ஹேங்கரில் திருகி, இரண்டு சக்கரமும் இணையாக நிற்கின்றனவா என்று சுற்றிலும் பாருங்கள். லேசான வளைவை நிமிர்த்தலாம். அலுமினியத்தைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும், அதனால் புதுசு வாங்கிவிடுவதே நல்லது. உங்கள் ஃப்ரேமுக்கு உரியதைத்தான் வாங்க வேண்டும், ஒன்றுபோலத் தெரிகிறதே என்று எதையாவது வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: புதுச் செயினைப் பழைய செயினின் நீளத்துக்கே வெட்டினால் போதுமா?

பதில்: கண்ணிகளை எண்ணி வெட்டினால் போதும், பழைய செயினின் நீளம் சரியாக இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்தால். பக்கத்தில் தொங்கவிட்டு அளந்தால் தேய்ந்த செயின் நீளமாகத் தெரிந்து ஏமாற்றும். கேசட்டின் அளவு மாறியிருந்தால் புதிதாக அளக்க வேண்டும். முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் இரண்டையும் சுற்றி, டெரெய்லர் வழியாக விடாமல் செயினைப் பிடித்து, முனைகள் சந்திக்கிற இடத்துக்கு மேல் ஓர் அங்குலம், அதாவது இரண்டு கண்ணிகள், கூட வைத்து வெட்டுங்கள். குட்டையாக வெட்டி, என்றைக்காவது தெரியாமல் இரண்டு பக்கமும் பெரியதுக்கு மாற்றிவிட்டால் டெரெய்லர் பிய்ந்துகொண்டு வரும்.

கேள்வி: 8 கியர் சைக்கிளில் 9 கியர்க் கேசட்டும் செயினும் போட்டேன். ஷிஃப்டர் பழையதுதான். ஒரு கியர் போனால் பரவாயில்லை என்று நினைத்தேன், ஆனால் பாதி கியர் விழவில்லை. எப்படி செட் செய்வது? (பள்ளி மாணவி)

பதில்: செட் செய்ய முடியாதும்மா. எத்தனை கியர் என்பது டெரெய்லருக்குத் தெரியாது, அளவு முழுக்க ஷிஃப்டரின் கிளிக்கில்தான் இருக்கிறது. 1984ல் சைக்கிள் பாகங்கள் செய்கிற ஷிமானோ நிறுவனம் தன் டூரா ஏஸ் வரிசையில் எஸ்ஐஎஸ் என்ற கிளிக் முறையைக் கொண்டுவந்தது. கிளிக் இல்லாத நெம்புகோலில் ஓட்டுகிறவரே கையால் இடம் பார்த்து நிறுத்துவார், எந்தக் கேசட்டாக இருந்தாலும் ஓட்டிவிடலாம். கிளிக் வந்த பிறகு இரண்டும் பொருந்தியே ஆக வேண்டும். ஷிமானோ 8 கியர்க் கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் நடு இடைவெளி 4.8 மில்லிமீட்டர், 9 கியரில் சுமார் 4.35. ஒரு கிளிக்குக்கு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தப்பும், நான்கு கிளிக்கில் அது சேர்ந்து 1.8 மில்லிமீட்டர் ஆகிவிடும். எந்த ஸ்க்ரூவாலும் அதை ஈடுகட்ட முடியாது. 9 கியர் ஷிஃப்டர் வாங்கிப் போடு, அல்லது கேசட்டையும் செயினையும் 8 கியருக்கு மாற்றிக்கொள். டெரெய்லர் ஷிமானோவின் 8 கியர் வகை என்றால் இரண்டுக்கும் அதுவே போதும், கேபிளை இழுக்கிற அளவுக்கு டெரெய்லர் நகர்கிற கணக்கு ஒன்றுதான்.

கேள்வி: பின்னால் எல்லாம் சரி. முன் டெரெய்லர் செயினில் உரசுகிறது.

பதில்: ஸ்க்ரூவுக்கு முன்னால் அது நிற்கிற இடத்தைப் பாருங்கள். கூண்டின் வெளித் தகடு பெரிய பல்சக்கரத்தின் பற்களுக்கு மேலே 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளியில், பல்சக்கரத்துக்கு இணையாக நிற்க வேண்டும். உயரமோ கோணமோ தப்பாக இருந்தால் மற்றது எதுவும் கைகொடுக்காது. அப்புறம் முன்னால் சிறியது, பின்னால் பெரியது என்ற நிலையில் உள் தகடு உரசாமல் ‘எல்’ ஸ்க்ரூவை வையுங்கள்; முன்னால் பெரியது, பின்னால் சிறியது என்ற நிலையில் வெளித் தகட்டை ‘எச்’ ஸ்க்ரூவால் பாருங்கள். முன்னாலும் பின்னாலும் பெரியதிலேயே வைத்து ஓட்டும்போது உரசுகிறது என்றால் அந்தச் சேர்க்கையில் ஓட்டுவதை விட்டுவிடுங்கள், செயின் அங்கே குறுக்காக இழுபட்டு வீணாகத் தேய்கிறது.

கேள்வி: எல்லாம் துல்லியமாக வைத்துவிட்டேன், சில நாள் ஓட்டியதும் மறுபடி கியர் ஏறத் தயங்குகிறது. செய்த வேலை வீணா?

பதில்: வீணில்லை. புது உறைகளின் முனைகள் தொப்பிக்குள் அழுந்தி உட்கார்ந்திருக்கும், கேபிள் அந்த அளவுக்குத் தளர்ந்துவிடும். புதுக் கேபிள் போட்ட யாருக்கும் இது வரும். பேரலைக் கால் சுற்றோ அரைச் சுற்றோ வெளியே திருகினால் பழையபடி ஆகிவிடும். வேலை முடிந்த கையோடு, பெரிய பல்சக்கரத்துக்குரிய நிலையில் ஷிஃப்டரை வைத்து, வெளியே தெரிகிற கேபிளைக் கையால் சில தடவை நன்றாக இழுத்து விட்டால் இந்தத் தளர்வு அங்கேயே வந்துவிடும், பிறகு ஒருமுறை செட் செய்தால் போதும். அதற்குப் பிறகும் தளர்ந்துகொண்டே இருந்தால் பிடிமானப் போல்ட்டில் கேபிள் வழுக்குகிறதா என்று பாருங்கள். அங்கேயும் சரியாக இருந்து, கேபிள் பழையது என்றால், ஷிஃப்டருக்குள் இருக்கிற தலைப்பக்கத்தில் அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும். அதை முழுசாக அறுந்து ஷிஃப்டருக்குள் சிக்குவதற்கு முன்னாலேயே வெளியே எடுத்துவிடுங்கள்.